மூன்று நாள் பசை

தாடி வரவில்லை. லஹ்சன் ஹாஜி இரண்டு விரலால் இழுத்தார். கன்னத்துத் தோலும் கூடவே எழும்பியது. கையை எடுத்துக்கொண்டார்.

"என்னடா இத்தர், உங்கப்பனுக்குத் தாடியே கிடையாதே?"

"படத்துத் தாடி, ஹாஜி. ஒட்டுனது."

இத்தரின் அப்பா ஹம்மு முப்பது வருடமாக மொராக்கோவின் சினிமா நகரமான வர்ஸஸாத்தில் துணை நடிகர். ரோமானியராக, பாரசீகராக, பெயரில்லாத பல ராஜ்ஜியங்களின் பிரஜையாக நாற்பது முறை செத்திருக்கிறார். இன்று விடியற்காலை, கேமரா இல்லாமல், படுக்கையில்.

இந்தப் படத்தை நான்கு நாடுகளில் எடுக்கிறார்கள். கதை நடப்பது ஐந்தாவது நாட்டில். அதில் அவர் அமைச்சர். நேற்று நடித்தார்; இன்றும் காட்சி இருந்தது. ஒப்பனை வரிசையில் மறுபடி இரண்டு மணி நேரம் நிற்க வேண்டாமென்று தாடியோடே படுத்துவிட்டார். காட்சியை ரத்து செய்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. துணை நடிகர்களுக்கு யார் சொல்கிறார்கள்? படக்குழு இரவோடிரவாக ஜோர்டானுக்குப் பறந்துவிட்டது, பசை கரைக்கும் மருந்தோடு.

"கத்தரிச்சுடலாமா ஹாஜி?"

"முடியா பிரச்சினை? பசைடா. தண்ணி தோல்ல படணும். படாம மய்யித்துக்கு என்ன குளிப்பாட்டு? மதியம் லுஹருக்குத் தொழவச்சு அடக்கணும்."

இத்தர் ஒப்பனைக்காரிக்குப் போன் போட்டான்.

"சுகைனா அக்கா, ஹம்மு மகன். அந்தத் தாடிய எப்படி எடுக்கறது?"

"அவரே எடுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது! மூணு நாள் நிக்கிற பசை அது. போன அவருகிட்ட குடு, நாலு வார்த்த கேக்கறேன்."

இத்தர் அப்பாவைப் பார்த்தான்.

"குடுக்க முடியாதுக்கா."

அந்தப் பக்கம் யாரோ ஒட்டகம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். சுகைனாவின் குரல் இறங்கியது.

"ஆர்கன் எண்ணெய் ஊத்து. மெதுவா தேய். அர நாள் ஆகும்டா."

லுஹருக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

அம்மா கதவிடுக்கில் எண்ணெய்க் குப்பியை நீட்டினாள், ரொட்டிக்கு வைத்திருந்தது. இத்தர் துணியை நனைத்துத் தேய்த்தான்.

"அழுத்தாத. வலிக்கும்," என்றார் ஹாஜி.

வலது கன்னம் வந்தது. இடது பக்கம் தொடங்கும்போது பாங்கு சொன்னார்கள். இத்தரின் கை வேகமெடுத்தது. தோல் சிவக்கவில்லை, கிழியத் தொடங்கியது.

"விடு."

"கொஞ்சந்தான் ஹாஜி. பாதித் தாடியோட எப்படி..."

"விடுடா. நம்மால முடியாதத அல்லா கேக்க மாட்டான்."

சோப்பு போட்டு எண்ணெயைக் கழுவினார்கள். ஹாஜி செம்பைச் சாய்த்தார். வலது கன்னத்தில் தண்ணீர் பரவி இறங்கியது. இடது பக்கம் முடிகளின் மேலேயே துளித்துளியாக நின்றது. இத்தர் விரல்நுனியால் ஒவ்வொரு துளியாக உள்ளே அழுத்திக்கொண்டிருந்தான்.