கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல்

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தேழில். ஏற்றுமதி இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதற்குப் பிறகு அதில்தான். அதைப் பார்த்துக்கொள்ள வஜீதாவை வேலைக்கு எடுத்தார்கள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, வேலூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். முதல் வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த கோடையில்தான் வினை பிடித்தது. பாதி வேலையில் திரை அசையாமல் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் திரையில் ஒன்றும் வராது, பெட்டி மட்டும் விட்டுவிட்டுக் கத்தும்.

மெட்ராஸிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து மெமரி கார்டை மாற்றினார். கொஞ்ச நாள் ஓடியது, மறுபடி அதே கத்தல். மேனேஜர் ரத்தினசாமிக்கு வஜீதா மேல் சந்தேகம் வந்துவிட்டது. கண்ட கீயை அழுத்தி மிஷினைக் கெடுக்கிறாள் என்று சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். அது அவள் காதுக்கும் வந்தது. வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால், வேலையே வேண்டாம், வீட்டில் இரு என்பார்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள், சாயந்திரம் துறைமுகத்துக்கு லாரி கிளம்ப வேண்டிய நாளில், மிஷின் சுத்தமாகப் படுத்துக்கொண்டது. இந்தமுறை வேலூர் சர்வீஸ் ஆபீஸிலிருந்து வந்தது ஒரு பெண். பெயர் பூரணி, குடியாத்தம் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண், வஜீதா வயதுதான் இருக்கும். ரத்தினசாமி அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, என்ஜினியர் எங்கே என்று கேட்டார். நான்தான் சார் என்று சொல்லிவிட்டு அவள் நேரே மிஷினிடம் போனாள்.

சுவிட்சை அணைத்தாள். அதோடு விடாமல் பிளக்கையும் பிடுங்கி, ஒயரோடு மேஜைமேல் தன் கண்ணெதிரே வைத்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் கன்னியப்பன், சுவிட்ச் ஆஃப்லதானே இருக்குது என்றார். பூரணி சிரித்தாள். நிறுத்தியிருந்த தறியில் கைவிட்டு அவள் சித்தப்பாவுக்கு ஒரு விரல் போயிருந்தது. யாரோ தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார்களாம். அதிலிருந்து அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் என்றாள்.

பெட்டியை உடனே திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்து வஜீதா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முதலில் எப்போது நின்றது, அன்றைக்கு அறையில் என்ன புதிதாக நடந்தது, காலையில் அதிகமா மத்தியானம் அதிகமா என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் வஜீதாவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். சித்திரையில் ஏசி ரிப்பேராகிவிட்டது. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபேன் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை.

பூரணி எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தோல் ஷெட். முடி எடுக்க தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. அழுகின முட்டை வாடை. ஆம்பூர்க்காரர்களுக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை.

திரும்பி வந்தவள் வஜீதாவின் கையைப் பார்த்தாள். விரலில் வெள்ளி மோதிரம், கரி பூசினமாதிரி இருந்தது.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"இல்லீங்க. ஏசி இருந்தப்போ பளபளன்னு இருக்கும். இப்ப வாராவாரம் தேய்க்கிறேன், திரும்பக் கறுத்துடுது. பேஜாராப் போச்சு."

பூரணி மூடியைக் கழற்றினாள். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டாள். உடம்பில் இருக்கிற மின்சாரம் சிப்பைச் சுட்டுவிடும், அதனால்தான் என்று கேட்காமலே சொன்னாள். மெமரி கார்டை எடுத்து, அதில் செருகியிருந்த சிப் ஒன்றை இரண்டு பக்கமும் மெல்ல நெம்பி வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து வஜீதாவிடம் நீட்டினாள். கம்பிக் கால்களில் வெள்ளி முலாம். மோதிரம் எப்படியோ அப்படியே அதுவும் கறுத்திருந்தது.

"தொட்டிக் காத்து செய்யிற வேலை," என்றாள் பூரணி. "கார்டு கெட்டுப்போகல. காலு கறுத்ததால உள்ள கரெண்ட் சரியாப் போகல. புதுசு போட்டாலும் இங்க இருந்தா இதே கதிதான்."

மற்ற சிப்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, பென்சில் ரப்பரால் எல்லாக் கால்களையும் வளையாமல் துடைத்தாள். தூளை பிரஷ்ஷால் தட்டி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி, காயவிட்டு, முன்பிருந்த திசை மாறாமல் செருகினாள். ரத்தினசாமி வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். கறுத்ததுதான் காரணம் என்றால் பவர் சப்ளை டப்பாவையும் திறந்து துடைத்துவிடலாமே, கன்னியப்பன் செய்வார் என்றார்.

"அதைத் திறக்கக் கூடாது சார். பிளக் பிடுங்கினாலும் உள்ள கரெண்ட் தங்கியிருக்கும், ஆளை அடிச்சிடும். அதுல கோளாறுன்னா டப்பாவோட மாத்துவேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கன்னியப்பன் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த அறையிலேயே மிஷினை ஓட்டிப் பார்க்க பூரணிக்கு இஷ்டமில்லை. ரோட்டைப் பார்த்த டிசைன் அறைக்குத் தூக்கிப்போகச் சொன்னாள். அங்கே மூடியைப் போட்டு, பிளக்கைச் செருகி, எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள். ஒரே ஒரு சின்ன கூவல். திரையில் எழுத்து ஓடியது. அதோடு திருப்தியாகாமல் அணைத்து, போட்டு, வஜீதாவையே உட்கார வைத்து வேலை செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இன்வாய்ஸ் முழுக்க அச்சாகி வந்ததும்தான் பையைக் கட்டினாள். இருட்டுவதற்குள் லாரி கிளம்பியது.

ரத்தினசாமி வஜீதாவின் மேஜைக்கு வந்து நின்றார். "உம்மேல தப்பு இல்லம்மா. நான்தான் ஏதேதோ பேசிட்டேன்," என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஏசியைச் சரிசெய்யும்வரை கம்ப்யூட்டர் டிசைன் அறையிலேயே இருக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுவரை பூரணியோடு வஜீதாவும் போனாள். எத்தனை அழகாகக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். பூரணி முந்திக்கொண்டாள். "மோதிரத்தைப் பத்தி நீங்க சொல்லலைன்னா நானும் இன்னொரு கார்டை மாத்திட்டுப் போயிருப்பேன். நாளைக்கு ஆபீஸ்ல இதை எழுதிக் கொடுக்கப்போறேன், உங்க பேரையும் போட்டு."

குடியாத்தம் பஸ் வந்தது. கூட்டத்தில் பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் வஜீதா. வீட்டுக்கு நடக்கும்போது, அம்மாவிடம் இன்றைக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.