பொன்னுதுரையின் இரண்டாவது ஊசி

ஊசியை உருவுவதற்குள் பொன்னுதுரை நாற்காலியோடு சரிந்தான். முகம் வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வேர்வை கொட்டி, கண் மேலே செருகியது.

"கொன்னுட்டீங்களே டாக்டர்!" என்று அவன் அக்கா நாகம்மா அலறினாள். மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலம் போனாலும் அசையாத காஜா பேராங் தெரு அவள் குரலுக்குத் திரும்பிப் பார்த்தது. மனைவி ருக்மணி ஓடிவந்து அவன் தலையைத் தாங்கினாள்.

டாக்டர் தேவதாஸ் அவனைத் தரையில் கிடத்தி, கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்தார். நாடியைப் பிடித்தார். சட்டையை விலக்கி உடம்பைப் பார்த்தார். சற்று நேரத்தில் பொன்னுதுரை கண் விழித்தான்.

"இனி அந்தப் பென்சிலின் வேணாம். அவனுக்கு ஒத்துக்கல" என்றாள் நாகம்மா.

"ஒத்துக்கலன்னா உடம்பு தடிச்சிருக்கும், மூச்சு இழுத்திருக்கும், நாடி பறந்திருக்கும். இவருக்கு நாடி ரொம்ப மெதுவா ஓடுச்சு. வெறும் மயக்கம் மாதிரிதான் தெரியுது. ஆனா காரணம் புரியாம அடுத்த ஊசி போட எனக்கே பயமா இருக்கும்மா. போடாட்டி காலை எடுக்க வேண்டி வரும்."

தெங்கேராப் பகுதியில் துருப்பிடித்த ஆணி ஏறிய கால் முழங்கால்வரை வீங்கிக் கிடந்தது. லோரி ஓட்டுகிறவனுக்குக் கால் போனால் பிழைப்பும் போச்சு.

"உண்மையைச் சொல்லுங்க. காலையில சாப்பிட்டாரா?"

ஊசிக்கு முன்னால் இதே கேள்விக்கு நாகம்மா, "தோசை" என்று அடித்துவிட்டிருந்தாள். வாய் கூசாத பொய். அம்மன் திருவிழா முடியும்வரை தண்ணீர் தவிர எதுவும் அவன் பல்லில் படக்கூடாது, வெளியே சொன்னால் வேண்டுதல் பலிக்காது என்பது அவள் போட்ட சட்டம். கால் ஆற வேண்டும் என்றுதான் அந்த விரதமே! தம்பி தலையாட்டினான். ருக்மணியும் ஆட்டினாள், பயந்தாங்கொள்ளி.

நாகம்மாவின் கண் இப்போதும் அவளை அதட்டியது. ருக்மணி அவளைப் பார்க்காமல் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"முந்தாநாளிலேருந்து பச்சத்தண்ணிதான் டாக்டர். விரதம்."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா? வெறும் வயித்தோட இருந்ததுலதான் மயங்கியிருக்கார். கஞ்சி குடுங்க. சாயங்காலம் படுக்க வச்சு ஊசி போடறேன்."

"அம்மனுக்கு என்னடி பதில் சொல்லுவே?" என்றாள் நாகம்மா.

"நான் சொல்லிக்கிறேன் அண்ணி."

சாயங்காலம் ஊசி இறங்கியபோது ருக்மணி அவன் கையை விடவில்லை. அவன் செத்துவிட்டால், விரதத்தை உடைத்த தன்னால்தான் என்று நினைத்தாள். டாக்டரும் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

பொன்னுதுரை மெல்லத் தலையைத் திருப்பினான். "கஞ்சி மிச்சம் இருக்கா?"

ருக்மணி ஓவென்று அழுதுவிட்டாள். நாகம்மாதான் எழுந்துபோய்க் கஞ்சியை ஊற்றிக்கொண்டு வந்தாள்.