அழிக்கப்பட்ட எண்

ஆகஸ்டு பதினான்கு, வெள்ளிக்கிழமை. வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. மழையோ ஒரு துளியும் விழவில்லை. புழுக்கம் மட்டும் வேனுக்குள் ஏறி இடம் பிடித்து அமர்ந்திருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் வேனம்மா என்றழைக்கும் அவள், வாகனச் சோதனை நிலையத்தின் வாசலைக் கடந்து வெளியேறியபோது மணி இரண்டரை. நிலையம் ஐந்து மணிக்கு மூடப்படும். தகுதிச் சான்றிதழை இன்றே காட்டாவிடில், திங்கள் முதல் பதினான்கு பிள்ளைகளும் வேறொருவருடைய வண்டியில் ஏறுவர் எனப் பள்ளி நிர்வாகம் எழுத்திலேயே தெரிவித்திருந்தது.

சோதனை அதிகாரி கடுமையானவர் அல்லர். தம் கருவியை வண்டியில் செருகிப் பார்த்தபின், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை நோக்கியிருந்தார்.

"கோளாறுன்னு ஒண்ணும் காட்டலம்மா. ஆனா வண்டிக்கு நினைவே இல்ல. நேத்து யாரோ எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க. அது தன்னைத்தானே நாலு விதமா சோதிச்சு முடிக்கணும். நல்லா ஓட்டிட்டு வாங்க, பாப்போம்."

அந்த யாரோ, இப்பொழுது பக்கத்து இருக்கையில் முழங்கால்களை ஒடுக்கி அமர்ந்திருந்த அவளுடைய கொழுந்தன். மூன்று வாரமாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் எஞ்சின் விளக்கை, புதிதாக வாங்கிய சிறு கருவியைச் செருகி, கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தி, நேற்று மாலை அணைத்தவன் அவன். கெட்டிக்காரன் என்று அவளே பாராட்டியும் இருந்தாள்.

"அழிக்கும்போது கோளாறு நம்பர் என்னன்னு காட்டுச்சு?"

"பி-யில ஆரம்பிச்சுச்சு அண்ணி."

"எல்லாமே பி-யிலதான் ஆரம்பிக்குது. மிச்சம்?"

"எழுதி வைக்கல."

"காய்ச்சல் அடிக்குதுன்னா, தெர்மாமீட்டரை உதறி வச்சிட்டு வந்திருக்கீங்க கொழுந்தனாரே."

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்த விளக்கப் பாத்துப் பாத்து நீங்க சரியா சாப்பிடவே இல்ல. அதான்…"

அதன்பின் அவளால் திட்ட முடியவில்லை. புறவழிச்சாலையில் ஒரே வேகத்தில் செலுத்தினாள். பின்னால் எந்தப் பிள்ளையோ விட்டுச்சென்ற தண்ணீர்ப் புட்டி, வளைவுதோறும் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு உருண்டது. அவள் கண்கள் கடிகாரத்துக்கும், விளக்கு எரியாத அந்தக் கறுப்பு இடத்துக்கும் மாறி மாறி அலைந்தன. கோளாறு உள்ளே இருக்குமாயின், சோதனை முடிய முடிய வண்டி அதைக் கண்டுபிடித்து விளக்கை ஏற்றிவிடும்; விளக்கு எரிந்தாலும் சான்றிதழ் இல்லை. சோதனை முடியாவிடிலும் இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்றே அவளுக்கு விளங்கவில்லை. காலையில் சிக்னலில் நின்றபோது எஞ்சின் ஒருமுறை நடுங்கியதும், சாலை சரியில்லை எனத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன.

"ரெண்டு முடிஞ்சுது அண்ணி," என்றான் அவன், வண்டியில் செருகியிருந்த தன் கருவி அனுப்புவதைக் கைப்பேசியில் பார்த்தபடி.

நெடுநேரம் கழித்து, "மூணு."

நிலையத்துக்குச் செல்லும் தெருவில் திரும்பும்போது அவன் கூவினான்: "நாலும் முடிஞ்சிருச்சு!"

அந்தக் குரல் அடங்குமுன் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அவனுடைய கட்டைவிரல் திரையை நோக்கிச் சென்றது. "அழிச்சிரட்டுமா?"

"அழிச்சா அந்த நாலும் சேந்து போயிரும்." அவள் வண்டியை ஓரங்கட்டினாள். எஞ்சினை அணைக்கவில்லை. "நம்பரப் படி."

"பி, பூஜ்யம், ஒண்ணு, ஏழு, ஒண்ணு. காத்து அதிகமாம், பெட்ரோல் பத்தலையாம்."

அவள் இறங்கி முன்மூடியைத் தூக்கினாள். எஞ்சின் விட்டுவிட்டு நடுங்கியது. அந்த இரைச்சலுக்கு அடியில் மெல்லிய சீறல் ஒன்று கேட்டது. காதைச் சாய்த்து, கையைத் தாழ்த்தித் தேடினாள். ஓர் இரப்பர் குழாயின் வளைவில், நகத்தளவு வெடிப்பு. அதன்மேல் விரலை அழுத்தினாள். சீறல் நின்றது. நடுக்கமும் நின்றது.

"இப்பவாவது எழுது," என்றாள்.

காகிதம் கிடைக்காமல் அவன் தன் உள்ளங்கையிலேயே எழுதினான். "விரல எடுத்தா என்னாகும் அண்ணி?"

அவள் எடுக்கவில்லை. தெருக்கோடியில் நிலையத்தின் வாசல் இன்னும் திறந்திருந்தது. அவன் உள்ளங்கையில் முதல் மழைத்துளி விழுந்து, கடைசி எண்ணின்மீது பரவியது. அவன் விரல்களை மூடிக்கொண்டான். மாலை மணி நான்கு நாற்பத்தாறு.