உறை வாளி

லெட்டியின் வாளியில் நுரை பொங்கியிருந்தது. ஃப்ரான்சினா மஞ்சள் துணியைத் தூக்கிப் பார்த்தாள், மூடினாள், நம்ப மாட்டாமல் மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். பக்கத்திலேயே நீலக்கட்டம் போட்ட துணி கட்டிய அவளுடைய வாளி. அதற்குள் சாறு அசையாமல் கிடந்தது.

தென்னாப்பிரிக்காவில், ஸ்வார்ட்லாந்தின் அந்தச் சரிவு சில குடும்பங்கள் கூட்டாக வாங்கிய திராட்சைத் தோட்டம். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மருந்தடிப்பதில்லை. நத்தைகளை வாத்துகள் பார்த்துக்கொள்ளும். வருஷத்துக்குச் சில பீப்பாய் வெள்ளை வைன் கிடைத்தால் போதும் என்றிருப்பவர்கள். சாறு பொங்குவதற்குக் கடை ஈஸ்டையும் வாங்குவதில்லை. பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் இதுவும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் ஒவ்வொரு வீடும் தன் வரிசையின் ஸ்டீன் ரகத் திராட்சையை ஒரு வாளியில் நசுக்கி, தன் வீட்டுத் துணியால் வாயைக் கட்டிக் கிடங்கில் வைத்துவிடும். தேர்வு நாள்வரை யாரும் துணியை அவிழ்க்கக் கூடாது. எது நன்றாகப் பொங்கி மணக்கிறதோ, அதுதான் பெரிய தொட்டிக்கு உறை. லாபத்தில் எல்லோருக்கும் ஒரே பங்கு. ஆனால் அந்த வருஷத்து வைனை அந்த வீட்டுக்காரியின் பெயரால்தான் எல்லோரும் சொல்வார்கள். மூன்று அறுவடையாக அது ஃப்ரான்சினா வைன்.

லெட்டி அவளுக்கு ஓரகத்தி. கேப் டவுனிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வந்த புதிதில் எந்தக் கிளையை வெட்டுவது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அவள் சிரித்தால் எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் கறித்துண்டை அவள் தட்டில் வைத்தாள். ஃப்ரான்சினாவின் புருஷனே, 'லெட்டி கை பட்டா எதுவும் தழைக்கும்' என்று ஒருநாள் சொல்லி, பிறகு வாரம் முழுக்க ஆறிய சோறு தின்றான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாயிற்று. இந்த வாளியை எப்படிப் பொறுப்பது? குனிந்து முகர்ந்தாள். பேரிக்காயும் ஈர வைக்கோலும் கலந்த மணம். தன் வரிசையில் ஜென்மத்துக்கும் இந்த மணம் வராது என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே எல்லோரும் சாப்பாட்டில் இருந்தார்கள். வாளிகள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை. துணியை மாற்றிக் கட்டுவதற்கு எவ்வளவு நேரமாகும்?

மறுநாள் தேர்வு. வருஷா வருஷம் உறையைத் தேர்ந்தெடுக்கும் கெர்ட் பெரியவர் காலையில் வாளி வாளியாக முகர்ந்துகொண்டே வந்து, நீலக்கட்டத் துணியருகே நின்றுவிட்டார். இந்த முறையும் ஃப்ரான்சினாதான், மற்றவர்கள் வேறு தொழில் பார்க்கலாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஃப்ரான்சினாவும் சிரித்தாள், ஆனால் லெட்டி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

தொட்டியை நோக்கி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது லெட்டி ஓடிவந்து மறுபக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரியும்."

ஃப்ரான்சினா நடையை நிறுத்தினாள். "என்னத்த?"

"முந்தாநாள் நான்தான் துணிய மாத்திக் கட்டினேன். எந்த வருஷமும் உங்க பேருதானே. தாங்க முடியல. என்னோடது செத்த சாறுக்கா, பொங்கவே இல்ல." லெட்டி மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்கு வந்து பாத்தா, துணி பழையபடி இருக்கு. எல்லாரு முன்னாடியும் என் மானத்த வாங்கியிருக்கலாம். நீங்க பேசாம திருப்பிக் கட்டிட்டீங்க. எனக்கு அந்த மனசு வராதுக்கா."

பேரிக்காயும் ஈர வைக்கோலும். அது தன் வரிசையின் மணம். வருஷக்கணக்காக அந்தக் கொடிகளுக்கு நடுவே நடந்தும், இன்னொருத்தியின் துணி கட்டியிருந்ததால் அவளுக்கு அது தெரியாமல் போயிற்று.

"என்னம்மா, ரெண்டு பேரும் அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" தொட்டி மேலிருந்து கெர்ட் கேட்டார். சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

இருவரும் வாளியைத் தொட்டி விளிம்பில் ஏற்றினார்கள். லெட்டி தன் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாய்ங்கக்கா" என்றாள். ஃப்ரான்சினாவின் விரல்கள் மேல் நுரை வழிந்துகொண்டிருந்தது. அவள் வாளியைச் சாய்க்கவில்லை.