மூன்று பேருக்கு மூன்று பொய்

மார்வின் என்று பெயர் சொல்லிக்கொண்ட அந்த ஆள் வானொலியின் விளையாட்டு நிகழ்ச்சிக்குத் தொலைபேசி போட்டுப் பேச ஆரம்பித்தபோது நார்பர்ட் விஸ்னியெவ்ஸ்கி காரை ஓரங்கட்டி, சாஸேஜ் ரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். டிராஃப்ட் நெருங்கிவிட்டதால் டொலீடோ நகரத்தில் வேறு பேச்சே கிடையாது. கல்லூரியில் ஃபுட்பால் ஆடி முடித்த பையன்களைத் தொழில்முறை அணிகள் வரிசை வைத்துப் பொறுக்கிக்கொள்ளும் நாள் அது. போன சீசனில் மண்ணைக் கவ்விய அணிக்கு முன்னால் பொறுக்கும் உரிமை. டொலீடோவின் அணியான மஸ்கீஸ் மண்ணைக் கவ்வாத வருடம் ஏது? அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்டம் நடக்கிற மாதங்களைவிட ஆட்டமில்லாத ஏப்ரல் மாதத்தில்தான் நம்பிக்கை பொங்கும்.

"நம்ம ஊர்ல ஒரு கண்ணாடிக்காரர் இருக்கார்," என்றான் மார்வின். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல். "பந்தை எறியற குவார்ட்டர்பேக் வேண்டாமாம் அவருக்கு. டகோட்டா பக்கம் யாருக்கும் தெரியாத ஒரு காலேஜ்ல ஒரு தடுப்பாட்டக்காரன் இருக்கானாம், அவனை எடுத்தா போதுமாம். ஏன்னு கேளுங்க. அந்தப் பையனோட கழுத்து அவருக்குப் பிடிச்சுப் போச்சாம்!"

நிகழ்ச்சி நடத்துகிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். நார்பர்ட் ரொட்டியைக் கீழே வைத்தார். கார்களுக்கான கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கழுத்தைப் பற்றி அவர் சொன்னது வாஸ்தவம். ஆனால் சொன்னது சனிக்கிழமை, கிளீட் ஹடாடின் முடிதிருத்தகத்தில், கதவைச் சாத்திய பிறகு. கேட்டவர்கள் மூன்றே பேர். கடைக்காரர் கிளீட், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் ஓடிஸ் பெட்வே, தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி எடுக்கும் கெயில் ஸாபோ. இருபது வருடத்துச் சிநேகிதர்கள். அதில் ஒருவர் கறுப்பாடு.

ஆலையில் அவருக்குக் கீறல் பார்க்கிற வேலை. விளக்கடியில் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து, மற்றவர் கண்ணுக்குப் படாத கீறலைக் கண்டுபிடிப்பார். ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால்கூட, இன்றைக்கு ஏன் இவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று யோசிப்பார்.

அடுத்த நாளும் மார்வின் வந்தான். அன்றைக்கு அவன் இருமிய இருமல் கிளீட்டின் இருமல் மாதிரியே இருந்தது. சரி, ஆள் அகப்பட்டான் என்று நினைத்தார். அதற்கு அடுத்த நாள் மார்வின் சிரித்தான். மூச்சை உள்ளே இழுத்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு ஓடிஸுடையது. வெள்ளிக்கிழமை, "கேளுங்க கண்ணுங்களா" என்றான். ஊரில் எல்லோரையும் 'கண்ணு' என்பவர் கெயில் ஒருத்திதான்.

"மூணு பேர் மேலயும் சந்தேகமா இருக்கு," என்றார் மனைவி வேர்னாவிடம்.

"நல்லவேளை, நாலாவதா நான் அங்க இல்ல," என்றாள் வேர்னா, துண்டுகளை மடித்துக்கொண்டே.

அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மூன்று பேரிடமும் தனித்தனியாக ஒவ்வொரு பொய்யைச் சொல்வது. எந்தப் பொய் வானொலியில் வருகிறதோ அந்தக் காதுதான் குற்றவாளி.

முதலில் கிளீட். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டிக்கொண்டதும், ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினார். "மனசு மாறிட்டேன் கிளீட். முதல் சுற்றுல பந்தை உதைக்கிறவன் ஒருத்தனை எடுக்கணும்."

கத்தரிக்கோல் நின்றது. "உதைக்கிறவனையா? முதல் சுற்றுலயா? ஏன்யா, போன தடவை முடியோட சேத்து மூளையையும் வெட்டிட்டேனா?"

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொன்னா என்னையில்ல பைத்தியம்பாங்க!"

அடுத்தது ஓடிஸ். பேருந்துக் கொட்டடியில் ஓடிஸ் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நார்பர்ட்டைப் பார்த்தும் குழாயை நிறுத்தவில்லை. ஒரு வருடமாகவே ஓடிஸ் இப்படித்தான், கேட்டதற்கு மட்டும் பதில். அதுவும் சந்தேகத்துக்கு இடமானதுதான் என்று நார்பர்ட் மனதில் குறித்துக்கொண்டார்.

"நம்ம முறையை வேற டீமுக்குக் கொடுத்துட்டு, அடுத்த வருஷம் ரெண்டு முறை வாங்கிக்கணும்ங்கறேன். இந்த வருஷம் யாருமே வேண்டாம்."

"சரி."

"என்ன, சரியா? நீ சண்டைக்கு வருவேன்னு நெனச்சேன்."

"நீ சொல்ல வந்ததைச் சொல்லிட்ட நார்ப். தள்ளி நில்லு, தண்ணி தெறிக்கும்."

கெயிலைத் தொலைபேசியில் பிடித்தார். எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்தக் குவார்ட்டர்பேக் பையனுக்குக் கை சின்னது, இந்த ஊர் ஏரிக் காற்றில் பந்து நழுவிவிடும் என்றார்.

"கை சின்னதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"பத்திரிகைப் படத்துல அளந்தேன்."

"எதை வச்சு அளந்த?"

"பல்லுக் குத்துற குச்சியை வச்சு."

"கண்ணு, வேர்னாகிட்ட போனைக் கொடு," என்றார் கெயில்.

அன்று இரவு நார்பர்ட் வானொலியை மடியில் வைத்துக்கொண்டு பொறி வைத்தவன் எலிக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். மார்வின் வந்தான்.

"கண்ணாடிக்காரர் இன்னிக்கு ரொம்ப உழைச்சிருக்கார். காலையில உதைக்கிறவனை எடுக்கணும்னார். மத்தியானம் யாரையுமே எடுக்க வேண்டாம்னார். சாயங்காலம் பல்லுக் குத்துற குச்சியால ஒரு பையனோட கையை அளந்துட்டார். ஒவ்வொண்ணையும் ஒவ்வொருத்தர் காதுல தனியா ஓதியிருக்கார், யாரு காட்டிக்கொடுக்கறாங்கன்னு பாக்க. ஐயா கண்ணாடிக்காரரே, நாங்கல்லாம் ஒண்ணாக் கூடிப் பேசறவங்க!"

நார்பர்ட்டுக்குக் காது சிவந்தது. மறுநாள் பலசரக்குக் கடையில் முன்பின் தெரியாத ஒருவன் அவருக்குப் பல்லுக் குத்தும் குச்சி டப்பா ஒன்றை எடுத்து நீட்டினான். அதுகூட அவரை அவ்வளவு வருத்தவில்லை. 'ஒண்ணாக் கூடிப் பேசறவங்க' என்ற சொல்தான் முள்ளாகத் தைத்தது. மூன்று பேரும் அவர் இல்லாமல் கூடுகிறார்கள். எங்கே? எப்போதிருந்து?

கிளீட்டின் கடைக்குப் போனார். கதவில் 'மீன் பிடிக்கப் போயிருக்கிறேன்' என்று பலகை தொங்கியது. ஏரி மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறி வருகிற பருவம். ஊரில் பாதிப்பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்கள். நார்பர்ட் காரை ஆற்றங்கரைக்கு விட்டார்.

அவர்கள் மூன்று பேரும் கரையை ஒட்டி ஆளுக்கொரு தூண்டிலோடு, மார்பு வரை ரப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நார்பர்ட் ஒரு மரத்தின் பின்னால் மறைந்துகொண்டார். டிராஃப்ட் சண்டைதான் நடந்துகொண்டிருந்தது.

"குவார்ட்டர்பேக் எடுத்து என்ன பண்ண? அவனைக் காப்பாத்த முன்னால நாலு பேர் வேண்டாமா? போன சீசன்ல இருந்தவனை ஸ்ட்ரெச்சர்லதானே அனுப்பினோம்," என்றார் கிளீட்.

"நீ எப்பவும் இப்படித்தான். வீடு கட்டறதுக்கு முன்னாடி வேலி கட்டுவ," என்றார் ஓடிஸ். சொல்லிவிட்டு மூச்சை உள்ளே இழுத்துச் சிரித்தார். ஒரு வருடமாக நார்பர்ட் நேரில் கேட்காத சிரிப்பு.

ஒளிந்து கேட்பவன் தன் பெயருக்காகக் காத்திருப்பான். அவர் பெயர் வரவே இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை, நினைக்கக்கூட இல்லை. மூன்று பேரும் அவர் இல்லாமலே சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. சாதாரண காலணியோடேயே தண்ணீரில் இறங்கிவிட்டார். பனிக்கட்டி உருகின தண்ணீர் முழங்காலைக் கவ்வியது.

"யார்யா அந்த மார்வின்?" என்று கத்தினார்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளீட் தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கினார். கெயிலும் தூக்கினார். கடைசியாக ஓடிஸ்.

"முறை வச்சுப் பேசினோம் கண்ணு," என்றார் கெயில். "காகிதக் கோப்பையை வாய்ல வச்சுக்கிட்டு. இருமினது கிளீட், சிரிச்சது ஓடிஸ். நீ சந்தேகப்பட்டதெல்லாம் சரிதான். சந்தோஷமா?"

"எதுக்கு? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

கிளீட் தண்ணீரைப் பார்த்தார். கெயில் ஓடிஸைப் பார்த்தார். ஓடிஸ் நிதானமாக நூலைச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்தார்.

"போன வருஷ டிராஃப்ட் ஞாபகம் இருக்கா?" என்றார். "என் தங்கச்சி வீட்டுத் தோட்டத்துல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அந்த ஜார்ஜியா பையனை எடுக்கணும்னு நான் சொன்னேன். நீ என்ன சொன்ன?"

நார்பர்ட்டுக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஆட்டக்காரனும் ஓடிஸின் தங்கை மகன் டெமெட்ரியஸும் ஒரே கல்லூரி. 'இதுல உங்க குடும்பத்துக்கு ஏதோ ஆதாயம் இருக்கு, இல்லாட்டி நீ இவ்வளவு பேசமாட்ட' என்று சொல்லியிருந்தார். சொன்ன வேகத்தில் மறந்தும் போயிருந்தார்.

"எங்க சோத்தைத் தின்னுக்கிட்டே சொன்ன," என்றார் ஓடிஸ். "நான் ஆட்டத்தைப் பத்திப் பேசினேன். நீ என்னைப் பத்திப் பேசின. அதுக்கப்புறம் உன் முன்னால வாயைத் திறக்கவே யோசனையா இருக்கு. எதைச் சொன்னாலும் அதுக்குப் பின்னால என்னன்னு தேடுவ."

"உங்கிட்ட பேசினா விசாரணைக்கு வந்த மாதிரி இருக்கு நார்ப்," என்றார் கிளீட். "அதான் இங்க வந்து பேசறோம்."

"நான் சொன்னது தப்புதான் ஓடிஸ். இப்ப—"

"இங்க வேண்டாம். அங்க எல்லார் முன்னாலயும் சொன்ன. திருப்பி எடுக்கறதா இருந்தா அங்க வந்து எடு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருப்போம்." ஓடிஸ் அவர் காலைப் பார்த்தார். "முதல்ல கரையேறு. ஜன்னி வந்துடும்."

டிராஃப்ட் வியாழக்கிழமை மாலை. வேர்னா பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்க, நார்பர்ட் தொலைக்காட்சி பார்த்தார். மஸ்கீஸ் முறை வந்தது. குவார்ட்டர்பேக் பையன் இன்னும் யாராலும் எடுக்கப்படாமல் காத்திருந்தான். டகோட்டாக்காரனும் இருந்தான். மேடையில் வாசிக்கப்பட்ட பெயர் இரண்டும் இல்லை. டெக்ஸஸிலிருந்து, பந்தோடு பாய்கிற ஓர் ஓட்டக்காரன். ஏற்கெனவே மஸ்கீஸிடம் நல்ல ஓட்டக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

"நாலாவது ஓட்டக்காரனா!" நார்பர்ட் எழுந்தே விட்டார். "வேர்னா, பாத்தியா இந்த அநியாயத்தை?"

"பையன் சிரிச்ச முகமா இருக்கானே," என்றாள் வேர்னா.

அவர் தொலைபேசியை எடுத்தார். கிளீட் இப்போது என்ன சொல்வார், கெயில் எந்தச் சாமானைத் தூக்கி எறிந்திருப்பார் என்று தெரிந்துகொள்ள நெஞ்சு அடித்துக்கொண்டது. எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டார். தனியாகக் கோபப்படுவது எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வேர்னா சுட்ட ஆப்பிள் பணியாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிஸின் தங்கை மேவிஸ் வீட்டுக்குப் போனார். தோட்டத்தில் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. கிளீட்டும் கெயிலும்கூட வந்திருந்தார்கள். மேவிஸ் இடுப்பில் கைவைத்தபடி நின்றார்.

நார்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "போன வருஷம் இதே இடத்துல நின்னு உங்க குடும்பத்தைப் பத்திக் கேவலமா ஒண்ணு சொன்னேன். எனக்கு ஆதாரம் ஒண்ணும் கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். டெமெட்ரியஸ், உன்கிட்டயும்தான் கேட்டுக்கறேன். மன்னிச்சுடு."

டெமெட்ரியஸ் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிற, அகன்ற தோள் கொண்ட இளைஞன். அடுப்பில் இருந்த இறைச்சியைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "உண்மையைச் சொல்லவா சார்? அந்த ஜார்ஜியாக்காரனை எனக்குக் கண்டாலே ஆகாது. காலேஜ்ல என் ஷூவை எடுத்துட்டுப் போனவன் திருப்பித் தரவே இல்ல. மாமா அவனைப் புகழ்ந்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே. தீர்ப்பு சொல்லிட்டுத்தானே போனீங்க."

யாரோ சிரித்தார்கள். மேவிஸ் பணியாரத் தட்டை வாங்கி முகர்ந்து பார்த்து, "உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்," என்றார். ஓடிஸ் பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நார்பர்ட் அங்கே உட்கார்ந்தார்.

"நாலாவது ஓட்டக்காரன்!" என்று ஆரம்பித்தார் கிளீட், அதுவரை அடக்கி வைத்திருந்தவர்போல.

"அவன் வேகத்தைப் பாத்தியா நீ?" என்றார் ஓடிஸ். "அருமையான தேர்வு. நான் இருந்தாலும் அவனைத்தான் எடுப்பேன்."

நார்பர்ட் திடுக்கிட்டுத் திரும்பினார். ஊரே திட்டுகிற தேர்வை இவர் ஏன் புகழ்கிறார்? டெக்ஸஸில் இவருக்கு உறவுக்காரர்கள் யாரோ இருப்பதாக ஒருமுறை சொன்னாரே? வாய் தானாகத் திறந்துகொண்டது. ஓடிஸ் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கெயிலும் பார்த்தார்.

"வேகம் இருக்கட்டும்," என்றார் நார்பர்ட். "மழையில பந்தைக் கீழ போடுவானே, அதுக்கு என்ன சொல்ற?"

"மழையில நீ பிடிச்சுக் காட்டு பாப்போம்!" என்றார் ஓடிஸ். அவ்வளவுதான், நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.