முன்பக்கக் கொக்கி

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் கயல்விழிக்குத் தன் தம்பி கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு ஜாக்கெட் இல்லை. இல்லை என்று சொல்வதும் சரியில்லை. இருந்தது. அக்கா பூர்ணிமா சென்னையில் ஆரி ஒர்க் போடுகிறவர்களிடம் கொடுத்து, ஜரிகையும் மணியுமாக இழைத்து வாங்கி, இனி வெட்டித் தைப்பதுதான் பாக்கி என்று கிளிப்பச்சைப் பட்டுத்துணியைக் கொண்டுவந்து தையல் மிஷின் மேல் விரித்துப் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து கயல்விழிக்கு எரிச்சல்.

முன்பக்கம் முழுவதும் ஒரே கொடி. இடது தோளில் கிளம்பி, கழுத்தடியில் தொங்கி வளைந்து, வலது தோளில் போய்ப் பூத்திருந்தது. கத்தரி வைக்க நடுவில் விரற்கடை இடம் இல்லை. முதுகுப் பக்கம்தான் இரண்டு துண்டாக இருந்தது.

"பேக் ஓப்பனாக்கா?"

"ஆமாண்டி. நம்ம பக்கத்துப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் ஒரே புடவை, ஒரே டிசைனு. முன்னாடி கொக்கி வச்சா கொடி ரெண்டா அறுந்துடும். போட்டோவுல நல்லாவா இருக்கும்?"

"நான் புள்ளைக்குப் பால் குடுக்குறேன்க்கா."

"நாங்கல்லாம் குடுக்கலியா?"

பூர்ணிமாவின் மகன் பத்தாவது படிக்கிறான். அவள் பால் கொடுத்த காலத்தில் அவளுடைய ஜாக்கெட்டுகளுக்கு முன்னால்தான் கொக்கி இருந்தது. அந்தக் கொக்கிகளைத் தைத்தவளே கயல்விழிதான். அதைச் சொன்னால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டு டேப்பை எடுத்துத் துணியின் குறுக்கே வைத்தாள். வைத்ததும் மூடிய வாய் திறந்துகொண்டது.

"எந்த அளவுக்கு மார்க் பண்ணாங்க இதை?"

"உன்னோட அளவு ஜாக்கெட்டத்தான் குடுத்தேன். அம்மா பீரோவுல இருந்துது."

"அது என் கல்யாணத்துக்கு முன்னாடி போட்டதுக்கா!"

"எனக்கென்னா தெரியும்? தையக்காரியோட அளவு ஜாக்கெட்டாச்சே, சரியாத்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டுப் போனேன்."

கயல்விழிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் அவளுடைய தையல் கடைக்கு வருகிறவர்களிடம் அவள் படும் பாடும் இதுதான். டேப்பை மேலே வைத்தால் பெண்கள் கூசுவார்கள். அளவு ஜாக்கெட்டை வீசிவிட்டுப் போவார்கள். பிள்ளை பெற்றவர்கள் இன்னும் மோசம். நன்றாக இருந்த காலத்து ஜாக்கெட்டைத் தேடி எடுத்து, இதுதான் என் அளவு என்று அடித்துச் சொல்லிவிட்டு, தைத்துக் கொடுத்த பிறகு கை ஏறவில்லை என்று வந்து கத்துவார்கள். இத்தனை வருஷமாக அவர்களைக் கரித்துக் கொட்டியவளுக்கு இப்போது அவளுடைய பழைய ஜாக்கெட்டே எமனாக வந்து நின்றது.

வேறு விசேஷமாக இருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பாள். இது அறிவழகன் கல்யாணம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மிச்சம் இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். இரண்டு அக்காள்கள் இருப்பதால் ஆளுக்கு ஒன்று என்று முன்பே பேசி வைத்திருந்தது. பூர்ணிமாவைக் கட்டிக்கொடுத்தபோது அறிவழகன் சின்னப் பையன். அதன் பிறகு அவனோடு சண்டை போட்டதும், அவனுக்காக அப்பாவிடம் பொய் சொன்னதும், காலேஜுக்குச் சட்டை தைத்துக் கொடுத்ததும் கயல்விழிதான். "கடைசி முடிச்சு உன்னுதுக்கா" என்று அவனே சொல்லியிருந்தான்.

ஆனால் நிச்சயதார்த்தத்தில் ஒரு கூத்து நடந்துவிட்டது. ஆசைப்பட்டுப் பின்பக்கம் கொக்கி வைத்த பழைய பட்டு ஜாக்கெட்டைப் பிரித்துப் பெரிதாக்கிப் போட்டுக்கொண்டு போனாள். மகள் வெண்பாவுக்கு அப்போது மூன்று மாதம். பிள்ளை அழுததும் அறைக்குள் ஓடி, புடவையை அவிழ்த்து, கை எட்டாத கொக்கிகளைக் கழற்ற யாராவது வருவார்களா என்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்று, பால் கொடுத்து, திரும்ப எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது தாம்பூலத் தட்டு மாற்றி முடிந்து, சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு போட்டோவில்கூட அவள் இல்லை.

அம்மா ஆதிலட்சுமி அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இப்போது சமாதானம் சொல்ல வந்தாள். "எதுக்குடி கெடந்து அடிச்சிக்கிற? நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு ரூம்லயே இருந்துக்க. ரெண்டு முடிச்சையும் பூர்ணிமாவே போட்டுடட்டும். யார் போட்டா என்னா, முடிச்சு முடிச்சுதான்."

"யார் தைச்சாலும் ஜாக்கெட்டுன்னு என் கடைக்கு வர்றவங்க சொல்றதில்லம்மா."

"வாய் மட்டும் கொறைச்சல் இல்ல."

கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. முதலில் கொடிக்கு அடியில், மார்புக்குக் கீழே வரும் மடிப்பில், இரண்டு பக்கமும் ஜிப் வைத்துப் பார்த்தாள். நேரே பட்டில் கை வைக்கப் பயந்து, லைனிங் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுக்கொண்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெண்பா வாயை வைத்த மாத்திரத்தில் ஜிப்பின் பல் கன்னத்தில் உரசி, வீறிட்டு அழுது, அன்று மத்தியானம் முழுக்க அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த நாள், ஒன்றன்மேல் ஒன்று போர்த்தினாற்போல் இரண்டு மடிப்பு வைத்தாள். மாவு மூட்டையைக் கட்டியதுபோல் இருந்தது. பூர்ணிமா வந்து எட்டிப் பார்த்து, "ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் போட்டாப்ல இருக்குதுடி" என்றாள். கயல்விழி அதைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் எறிந்தாள். இதில் அவளைப் பாடாய்ப் படுத்தியது அளவுதான். காலையில் பால் கொடுத்த கையோடு எடுத்தால் ஒரு அளவு. வெண்பா தூங்கி எழுந்திருக்கும் முன் எடுத்தால் வேறு அளவு. எந்த அளவுக்கு ஜாக்கெட் தைப்பது?

சாயங்காலம் புருஷன் பழமலை வேலை முடிந்து வந்தான். செராமிக் கம்பெனியில் அச்சு வார்க்கிற வேலை. தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளை மண் பூத்திருக்க, தரையெல்லாம் இறைந்து கிடந்த துணியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வரலாமா, இல்ல அப்படியே ஓடிடட்டுமா?"

"வெளயாடாதீங்க. கொலவெறியில இருக்கேன்."

"நாங்க பொம்மைய அச்செடுக்கும்போதே பெரிசா எடுப்போம் கயலு. சூளைக்குப் போனா சுருங்கிடும் பாரு. நீ என்னடான்னா சூளைக்குப் போயிட்டு வந்து பெரிசாயிட்ட. உங்கக்கா சின்ன அச்சக் கொண்டாந்து நீட்டுறாங்க."

கையில் இருந்த அடிஸ்கேலை அவன்மேல் எறிந்தாள். அவன் குனிந்து தப்பித்து, கைகால் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். "பத்தலன்னா துணி ஒட்டுக் குடுக்க முடியாதா? நடுவுல?"

"நடுவுல கொடி போவுது."

"போவட்டுமே. அது என்னா, ரயிலு போற தண்டவாளமா, வெட்டக் கூடாதுன்னு?"

அந்தக் கேள்வி கயல்விழிக்கு முதல் நாளே தோன்றியதுதான். தோன்றியபோதெல்லாம் பூர்ணிமா முகமும் கூடவே தோன்றியது.

மறுநாள் காலையில் கடையில் வெண்பா தூங்கியதும் கதவைச் சாத்தினாள். பட்டுத்துணியை மேஜையில் பரப்பிச் சரிநடுவில் சாக்பீஸால் கோடு இழுத்தாள். கொடி வளைந்து தொங்கும் இடத்தில், ஒரு பூவின் மேலேயே கோடு ஏறி இறங்கியது. கத்தரிக்கு முன்னால் ஊசியால் மணிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, நூல் பிரியாமல் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிறகு வெட்டினாள். மணி ஒன்று தெறித்து மிஷினுக்கடியில் ஓடியது.

ஒட்டுக் கொடுக்கத் துணிக்கு வேறெங்கும் போகவில்லை. புடவையில் இடுப்புக்குள் சொருகுகிற உள்தலைப்பில் ஒரு சாண் கிழித்துக்கொண்டாள். அது இரண்டு பக்கமும் பட்டியாக வந்து, பற்றாத அகலத்தைக் கொடுத்தது. முதுகுத் துண்டுகளைச் சேர்த்து மூடித் தைத்தாள். முன்னால் கொக்கி. கொக்கி மாட்ட நூல் வளையம் இரண்டு வரிசை. பால் கட்டியிருந்தால் வெளிவரிசை, கொடுத்து முடித்திருந்தால் உள்வரிசை. போட்டுப் பார்த்தாள். ஒரு கையால் கழற்றினாள், ஒரு கையால் மாட்டினாள். சேர்ந்தது. அறுந்த பூ மட்டும் சேரவில்லை. பாதிப் பூ இந்தப் பக்கமும் பாதிப் பூ அந்தப் பக்கமும் நின்று, நடுவில் வெறும் பச்சையாக ஒரு பட்டி ஓடியது.

பூர்ணிமா வந்து அறுந்த பூவை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஒரு மாசம் ஒக்காந்து போட்டாங்கடி அந்த வேலைய" என்றாள். "எனக்காகவா சொன்னேன்? எல்லாரும் ஒண்ணா நிக்கணும்னு நெனச்சேன். நீ ஒருத்தி தனியா தெரிவ."

"ரூமுக்குள்ள இருந்தா தெரியவே மாட்டேன்க்கா. அது பரவால்லியா?"

பூர்ணிமா போய்விட்டாள். கல்யாணம் வரைக்கும் தங்கச்சியிடம் பேச்சு இல்லை.

முகூர்த்தத்தன்று முதலில் எல்லாம் கயல்விழி நினைத்தபடிதான் நடந்தது. நாதஸ்வரக்காரர் சுருதி சேர்க்கும்போதே அறைக்குள் போய்ப் பிள்ளையை மடியில் போட்டாள். வெண்பா இடது பக்கம் குடித்துவிட்டுப் பாதியிலேயே தூங்கிப்போனாள். வலது பக்கத்துக்கு எழுப்பிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. பரவாயில்லை என்று கொக்கியை மாட்டி, பிள்ளையைப் பழமலையிடம் கொடுத்துவிட்டு மேடைக்குப் போனபோது ஆதிலட்சுமி வாயைப் பிளந்தாள். "அதுக்குள்ளயா வந்துட்ட?" கயல்விழி பூர்ணிமாவுக்குப் பக்கத்தில், மணப்பெண் தமிழினிக்குப் பின்னால் போய் நின்றாள்.

தாலித்தட்டு கூட்டத்தைச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கிவர நேரமாகிவிட்டது. வந்ததும், "ஒரு நிமிஷம் ஐயரே, லைட்டு" என்று வீடியோக்காரன் நிறுத்தினான். அந்த ஒரு நிமிஷத்தில் கீழே வெண்பா எழுந்துகொண்டாள். மேளத்தையும் தாண்டி அந்த அழுகை வந்தது. பழமலை நாற்காலிகளுக்கு நடுவே குலுக்கிக்கொண்டு நடப்பது தெரிந்தது. கயல்விழி பல்லைக் கடித்தாள். கடித்து என்ன செய்ய? வலது மார்பில் சுரீரென்று இழுத்தது. மண்டபமும் முகூர்த்தமும் பாலுக்குத் தெரியுமா? சுரந்துவிட்டது. திறப்பைப் பற்றியே யோசித்து யோசித்து, உள்ளே ஒரு கனத்த துணி வைத்துத் தைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கிளிப்பச்சைப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கரும்பச்சையாகப் படர்ந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. அறிவழகன் முதல் முடிச்சைப் போட்டான். பூர்ணிமா இரண்டாவதைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஈரத்தைப் பார்த்தாள். "கயலு, முந்தானைய இழுத்து விடு" என்றாள் பல்லிடுக்கில். "நான் போட்டுடுறேன், நீ போ."

மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியும் அதற்குள் கயல்விழியின் கைகளில் இருந்தன. முந்தானையை இழுக்க வேண்டுமானால் ஒன்றை விட வேண்டும்.

"கை ரெண்டும் வேலையா இருக்குதுக்கா."

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?" என்றான் போட்டோக்காரன்.

அவள் திரும்பவில்லை. தமிழினியின் பிடரிமுடி ஒன்று கயிற்றோடு சிக்கியிருந்தது. அதை நகத்தால் பொறுமையாக விலக்கிவிட்டு, நுனிகளை மாற்றி இழுத்து, கடைசி முடிச்சைப் போட்டாள். மேலே அட்சதை விழுந்தது. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட அரிசியைத் தட்டிவிடக்கூட இல்லை.

கீழே இறங்கி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, பழமலையிடமிருந்து பிள்ளையை வாங்கி, முந்தானைக்குள் கொக்கியைக் கழற்றினாள். அழுகை நின்றது. ஆதிலட்சுமி ஓடிவந்தாள்.

"ரூமுல போயிக் குடுடி. எல்லாரும் பாக்குறாங்க."

"போட்டோவுக்குக் கூப்புடுவாங்கம்மா" என்றாள் கயல்விழி. "நான் இங்கயே இருக்கேன்."