துப்பாக்கியோடு மனை பார்த்தவர்கள்

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, என்னைப் பற்றி நெடுங்காலமாக ஒரே ஒரு கருத்துதான். "மாப்ள நல்ல மனுஷன்தான். ஆனா கம்ப்யூட்டர்ல மண்ணு அள்ளிட்டிருக்காரு." உறவுக்காரர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் இதைச் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். அவர் சிரித்த பிறகு சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது என்று மற்றவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். மாப்பிள்ளை முறுக்கு என்பதெல்லாம் எனக்கு வாய்த்ததே இல்லை.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறேன். மாலையில் வீட்டுக்கு வந்து மண் அள்ளுகிறேன். பழைய சுடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. தயாரித்த நிறுவனமே அதைக் கைகழுவிவிட்டது. ஆனாலும் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இன்னும் அதை விடாப்பிடியாக ஆடிக்கொண்டிருக்கிறது. எல்லோரையும் ஒரே பேருந்தில் ஏற்றினால் உட்கார இடம் மிச்சமிருக்கும். அந்தக் கூட்டத்துக்காக நான் புதுப்புது நிலங்கள் செய்து கொடுக்கிறேன். குன்று, பள்ளத்தாக்கு, சதுப்பு என்று, ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளத் தோதான இடங்கள். மௌஸை அழுத்தினால் மண் எழும்பும், இன்னொரு பொத்தானை அழுத்தினால் பள்ளம் விழும். சம்பளம் கிடையாது, புகழ் மட்டும் உண்டு. போன வருடம் நான் செய்த குன்று ஒன்றைப் பற்றி முகம் தெரியாத யாரோ "சரிவு நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். பூரித்துப்போய் மனைவியிடம் காட்டினேன். "சந்தோஷம். அந்தக் கையோட சமையல்கட்டு பல்ப மாத்திடுங்க" என்றாள்.

மச்சான் மனை வியாபாரி. ஊருக்கு வெளியே ஏரியை ஒட்டி நிலம் வாங்கி, கல் நட்டு, சாலைக்குக் கோடு போட்டு, விற்கத் தொடங்கியிருந்தார். அங்கே வரப்போகும் நகரைத் திரையில் நடந்து பார்க்கிற மாதிரி செய்து தரச் சொல்லி ஒரு நிறுவனத்தைக் கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும்தான் குடும்பத்திலேயே மண் அள்ளுகிறவன் ஒருத்தன் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். டீயைக் குறை சொல்லாமல் குடித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம்தான்.

"மாப்ள, உங்க தெறமைய நாங்க யாருமே சரியாப் பயன்படுத்திக்கல" என்றார். "நம்ம மனையெல்லாம் உங்க கேமுக்குள்ள கொண்டாந்துடுங்க. வர்றவங்க ரோட்டுல நடக்கணும், பூங்காவுல உலாத்தணும், ஏரியப் பாக்கணும்."

"அது சுடற கேம், மச்சான்."

"சுடாம நடந்தாப் போச்சு."

மறுத்திருப்பேன். ஆனால் கதவோரம் என் மனைவி நின்றிருந்தாள். நாங்கள் இருக்கும் வாடகை வீட்டின் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கழிவுக் குழாய்தான் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குழாயைப் பார்த்தபடிதான் பாத்திரம் துலக்குகிறாள். ஏரிக்கரை மூலை மனையைத் தங்கைக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பதாக மச்சான் சொல்லியிருந்தார். எங்கள் சேமிப்பு மொத்தமும் அதற்குப் போவதாக ஏற்பாடு. அந்த மனையில் சமையல்கட்டு எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் அவள் முடிவு செய்து, மனதளவில் குடியேறியும் விட்டாள். அப்படிப்பட்டவளின் அண்ணனிடம் முடியாது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். முதல் தொல்லை துப்பாக்கி. இந்த விளையாட்டில் பிறக்கிறவன் துப்பாக்கியோடுதான் பிறக்கிறான். நிலத்தை என்னால் மாற்ற முடியும், அவன் கையைக் காலி செய்ய முடியாது. துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு சாவியின் உருவத்தை மாட்டிப் பார்த்தேன். துப்பாக்கி நீளத்துக்கு ஒரு சாவி வந்தது. மௌஸைத் தொட்டால் சாவி நெருப்பைக் கக்கியது.

மச்சான் பார்த்துவிட்டு, "துப்பாக்கியே இருக்கட்டும் மாப்ள. பாதுகாப்பான ஏரியான்னு சொல்லிக்கலாம்" என்றார். எதையும் விற்கத் தெரிந்த மனிதர்.

பூங்காவில் நாலு பேர் உலாவ வேண்டும் என்றார். அந்த விளையாட்டுக்குத் தெரிந்த மனிதர்கள் சிப்பாய்கள் மட்டும்தான். நான்கு சிப்பாய்களின் ஆயுதத்தைப் பிடுங்கி, பூப்போட்ட சட்டை மாட்டி, பூங்காவில் விட்டேன். மச்சான் திரையில் பூங்காவுக்குள் நுழைந்ததுமே நால்வரும் சறுக்குமரத்துக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார்கள்.

"எதுக்கு ஓடறாங்க?"

"உங்க கையில துப்பாக்கி இருக்கே, மச்சான்."

அன்றைக்கு அவருக்கு நல்ல மனநிலை. கோபித்துக்கொள்ளாமல், "நம்ம வீட்டையும் வெச்சுடுங்க. நானே இங்க குடிவர்றேன்னு தெரிஞ்சா ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்" என்றார். எந்த மனை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. ஏரியை விட்டு வெகுதூரம் தள்ளி, நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருந்த மேட்டின்மேல் விரலை வைத்தார். ஏரியைப் பற்றி அவ்வளவு பேசுகிறவர் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடியிருக்கப்போகிறாரே என்று நினைத்தேன், அதற்குமேல் நினைக்கவில்லை.

வேறு யாராவது இருந்தால் தட்டையாக ஒரு தரை, நாலு சாலை, ஓரத்தில் நீலமாக ஒரு குட்டை என்று போட்டுக் கொடுத்து முடித்திருப்பார்கள். எனக்குத்தான் தொழில் கர்வம் ஆயிற்றே, ஊதியமில்லாத தொழில் என்றாலும். விளம்பரத்துக்காக மச்சான் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களை எல்லாம் கேட்டு வாங்கினேன். அவற்றிலிருந்து நிலத்தின் மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்ல இலவச மென்பொருள் இருக்கிறது. அது கொடுத்த உயரங்களை அப்படியே விளையாட்டுக்குள் ஏற்றினேன். அந்த நிலத்தின் ஒவ்வொரு சரிவும் பிசகாமல் வந்து உட்கார்ந்தது. எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

கடைசியாகத் தண்ணீர். இந்தப் பழைய விளையாட்டில் தண்ணீருக்கு ஒரே ஒரு உயரம்தான். ஓர் எண்ணைக் கொடுத்தால் நிலம் முழுக்க அந்த மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும், அதற்குக் கீழே இருக்கும் எல்லாம் மூழ்கும். ஏரிக்கு ஒரு பக்கம் கரை உண்டு. கரையில் உபரி நீர் வழிந்தோட ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய் எந்த உயரமோ அதுவரைக்கும் ஏரி நிரம்பும். அந்த உயரத்தைக் கொடுத்தேன். ஏரி அழகாக நிரம்பியது. கூடவே கரையில்லாத மறுபக்கத்தில் ஏறி வந்து, தெருவிளக்குகளின் தலை மட்டும் தெரிய, மனைகளில் பாதியை விழுங்கிவிட்டது.

நான்தான் எங்கேயோ சொதப்பிவிட்டேன் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் அதே பாதி மூழ்கியது. மச்சான் விற்பது ஏரிக்கரை மனை அல்ல, ஏரி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மச்சானின் அலுவலகத்துக்குப் போய்க் காட்டினேன். பார்த்தார். பதறவில்லை. அதுதான் என்னைப் பதறவைத்தது.

"தண்ணிய எறக்குங்க" என்றார்.

இறக்கினேன். ஏரி ஒரு சேற்றுக் குட்டையாகச் சுருங்கியது.

"என்ன மாப்ள, ஏரியக் காணோம்? ஏரி வேணும். ஆனா தண்ணி மனைக்குள்ள வரக்கூடாது."

"தண்ணிகிட்ட யாரு சொல்றது?"

"அந்த ஏரி நெறஞ்சு பாத்தவங்க யாருமில்ல. நீங்க மண்ணப் போட்டு மனையெல்லாம் தூக்குங்க. அதானே உங்க வேல?"

வீட்டுக்கு வந்து ஒரு நகல் எடுத்து, நகலில் மனைகளையெல்லாம் தூக்கிவிட்டேன். லாரி இல்லை, ஆள் இல்லை, ஒரு தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மூலை மனையில் அவளுக்காக ஒரு வீடு கட்டியிருந்தேன். சமையல்கட்டு, பாத்திரம் துலக்கும் தொட்டி, ஏரியைப் பார்த்த ஜன்னல் எல்லாம் அவள் சொன்ன மாதிரியே. நகலைத் திறக்காமல் உண்மையான நிலத்தைத் திறந்து வைத்தேன். வாயால் சொல்லத் துப்பில்லாதவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

துப்பாக்கியை நீட்டிக்கொண்டு சாலையில் சந்தோஷமாக நடந்து போனாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. "என்னங்க இது, குழாய் ஒடஞ்சிருக்கா?" என்றாள். வீட்டுக்குள் போனாள். திரை பச்சையாக மங்கியது. சமையல்கட்டைக் கண்டுபிடித்தாள். மூச்சுத் திணறும் சத்தம் கேட்டது, திரை சிவந்தது.

"நான் செத்துட்டனா?"

"ஆமா."

"என் சமையல்கட்டுலயா?" சிரித்தாள். "வீட்டத் தப்பான எடத்துல வெச்சிருக்கீங்க."

"வீடு சரியான எடத்துலதான் இருக்கு. தண்ணியும் சரியான எடத்துலதான் இருக்கு."

சிரிப்பு நின்றது. ட்ரோன், உயரம், கரையின் வாய் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். இதற்குள் விளையாட்டு அவளை நுழைவாயிலில் மறுபடி பிறக்கவைத்திருந்தது. பக்கத்து மேட்டில் ஒரு வீடு தெரிந்தது. படியேறி அதன் வாசலில் போய் நின்றாள். படி, வாசல், தோட்டம் எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"இது யார் வீடு?"

"உங்கண்ணன் வீடு."

"இந்த எடத்துல நீங்களா வெச்சீங்க?"

"அவரே வெரல வெச்சுக் காட்டினாரு."

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. என் மச்சான் ஒரு முட்டாளாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்றுதான் முதன்முதலாக மனதார ஏங்கினேன். "ஞாயித்துக்கெழம மனை பாக்க ஆளுங்க வர்றாங்கல்ல? நானும் வர்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானின் அலுவலகத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அண்ணி, அதாவது மச்சானின் மனைவி, எல்லோருக்கும் பழச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தார். மேடாக்கிய நகலைத் திறந்துவைத்து, நான் மௌஸைப் பிடித்தேன். தலைமையாசிரியர் தானும் நடந்து பார்க்கிறேன் என்று மௌஸை வாங்கி, கை தவறி, பூங்காவில் பூப்போட்ட சட்டைக்காரர் ஒருவரைச் சுட்டுவிட்டார். "மன்னிக்கணும்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

மச்சான் அசரவில்லை. "ஏரிக்கரை மனை இருக்கே, அது சாதாரண மனையில்ல சார். என் கூடப்பொறந்த தங்கச்சிக்கே அதத்தான் குடுக்கறேன். இதோ, அவளே வந்திருக்கா" என்றார். என் மனைவி எழுந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"எனக்கு உங்க மனை புடிச்சிருக்கு. நாம மாத்திக்கலாமா? ஏரிக்கரைய நீங்க எடுத்துக்கங்க."

மச்சான் சிரித்தார். "கொழந்தையாட்டம் பேசறியே. அது வெல கொறஞ்ச மனைம்மா."

"கொறஞ்சதே எனக்குப் போதும். ஒசத்தியானது உங்களுக்கு இருக்கட்டும்."

"நீ ஆசப்பட்ட எடமாச்சே."

"இப்ப மேடு மேல ஆசையா இருக்கு."

"அது..." என்று இழுத்தார். "உங்க அண்ணிக்கு ஏரிக்காத்து ஒத்துக்காதும்மா."

"எனக்கா?" அண்ணி தட்டோடு திரும்பினார். "எனக்கு எந்தக் காத்தும் ஒத்துக்குமே." பாவம், அவரிடமும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார். நான் மௌஸைப் பார்த்தேன். என் மனைவி உட்காராமல் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "சார், உங்க வீட்டுப் பக்கத்துல மனை ஏதாவது காலியா இருக்குதா?"

"நாங்களும் அதத்தான் கேக்கலாம்னு இருந்தோம்" என்றார் தலைமையாசிரியர் மனைவி.

மேட்டில் எதுவும் காலி இல்லையென்று மச்சான் சொன்னார். அப்படியா என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பழச்சாறு நன்றாக இருந்தது என்று அண்ணியிடம் மறக்காமல் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். புதுஜோடி மட்டும் வாசலில் நின்று என் மனைவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

கதவு சாத்தியதும் மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் தழைந்துதான் வந்தது.

"இத்தன பேர் முன்னாடி கேக்கணுமாம்மா? என்கிட்டத் தனியா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அதுவரை அழாதவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

"நீங்க என்கிட்டத் தனியா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணா?"

அண்ணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, என் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார்.